ஏமாந்தவர்களுக்கு மட்டும்

பொதுமக்கள் ஏமாற்றுத் தடுப்பு நிலையத்தின் வாசலில் இருந்த காவலாளி நல்ல மனிதர். வருகிறவர்களை அவர் தேவையில்லாமல் நிறுத்தி வைப்பதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்.

“எவ்வளவு?”

தொகையைச் சொன்னால் அதற்குத் தகுந்த நிறத்தில் ஒரு டோக்கன் தருவார். சின்னத் தொகை என்றால் மஞ்சள், மரப்பெஞ்சு. நடுத்தரத் தொகை என்றால் நீலம். பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறி. பெருந்தொகையைப் பறிகொடுத்தவர்களுக்குச் சிவப்பு. முதல் மாடியில் மெத்தை வைத்த நாற்காலி, ஏசி, குடிக்கத் தண்ணீர். வாழ்க்கையையே தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கு நிலையம் அப்படித்தான் மரியாதை செய்தது.

பன் அக்கா வந்து நின்றபோது அவள் இடுப்பில் கட்டியிருந்த மாவுத் துணியைக்கூட அவிழ்த்திருக்கவில்லை. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

“எவ்வளவும்மா?”

“இன்னும் ஒண்ணும் போகலைங்க.”

காவலாளி காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். “ஒண்ணுமேவா?”

“ஒண்ணும் போகலை. நாலு மணிக்கு எல்லாம் போயிடும். அதுக்குள்ள யாரையாவது பார்க்கணும்ங்க.”

காவலாளி மூன்று டோக்கன் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் போகாதவர்களுக்கு நிறம் இல்லை. கடைசியில் இரக்கப்பட்டு ஒரு மஞ்சள் டோக்கனை எடுத்துக் கொடுத்தார். “உள்ள கேட்டா பஸ்ல பர்ஸ் போச்சுன்னு சொல்லிக்கோங்க. பாவம், வெறுங்கையோட எப்படிப் போவீங்க?”

பன் அக்காவும் அவள் கணவரும் ஒரு சிறிய பேக்கரி நடத்தினார்கள். கீழே கடை, மேலே வீடு, இரண்டுக்கும் ஒரே பத்திரம். கணவரைத் தெரு முழுக்க மாஸ்டர் என்றுதான் அழைக்கும். மாஸ்டர் முட்டாள் இல்லை. மாவு பொங்கிவிட்டதா என்று மூடியைத் திறக்காமலே சொல்லிவிடுவார். மூட்டையில் கால் கிலோ குறைந்தாலும் தூக்கும்போதே தெரிந்துவிடும். வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்டவரை ஒரு கைபேசி பிடித்துக்கொண்டது.

பொன்னூற்று வளர்ச்சிக் குழுமம் என்று பெயர். முதலில் கொஞ்சமாகப் போட்டார். ஒரே வாரத்தில் இரட்டிப்பாக வந்தது. அந்தப் பணத்தில் மனைவிக்கு ஒரு குடை வாங்கித் தந்தார். அந்தக் குடையை விரித்தபோதே அவளுக்குச் சந்தேகம் வந்தது. அதற்குப் பிறகு மாஸ்டர் கல்லாவில் உட்காரும்போதும் கைபேசியைத்தான் பார்த்தார், சாப்பிடும்போதும் கைபேசியைத்தான் பார்த்தார். இப்போது ‘தலைமுறைத் திட்டம்’ என்று ஒன்று. இன்று மாலை நாலு மணியோடு அதன் வாசல் மூடிவிடுமாம். பத்திரத்தை அடமானம் வைத்து வாங்கிய கடன் காலையில்தான் அவர் கணக்கில் வந்து சேர்ந்திருந்தது.

அவள் அழுது பார்த்தாள். தம்பியை விட்டுப் பேச வைத்தாள். மாஸ்டர் கடைசியாக ஒன்று சொன்னார்.

“நீ சொல்றே, உன் தம்பி சொல்றான். உங்களுக்கெல்லாம் இதுல என்ன தெரியும்? இதுக்குன்னே ஒரு ஆபீஸ் இருக்குல்ல? அவங்க போலின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அந்த நிமிஷமே நிறுத்திடறேன்.”

மாஸ்டர் வாக்கு மாறாதவர். ஆகவே அந்த ஒரு வார்த்தையை வாங்கிப் போகத்தான் அவள் வந்திருந்தாள்.

தரைத்தளத்தில் ‘ஏமாந்தவர் பிரிவு’ என்று பலகை தொங்கியது. அதன் அலுவலர் இவள் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“சட்டம் ரொம்பத் தெளிவா இருக்கும்மா. ‘ஏமாந்தவர் மனு அளிக்கலாம்.’ ஏமாந்தவர். இது என்ன காலம்?”

“ஒரு மூணு மாசமாத்தாங்க...”

“அதில்லை. இலக்கணத்துல என்ன காலம்?”

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவளை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை. “இறந்த காலம்ங்களா?”

“பார்த்தீங்களா, உங்களுக்கே தெரியுது. உங்க வீட்டுக்காரர் ஏமாந்தாரா?”

“ஏமாறப் போறாருங்க.”

“அது எதிர்காலம்.”

“இப்பவே ஏமாந்துட்டுத்தான் சார் இருக்காரு! போன் முன்னாடி உக்காந்திருக்காரு.”

“அது நிகழ்காலம். மாடியில தனிப் பிரிவு இருக்கு. நான் இறந்தகாலம் மட்டும்தான்.” அவர் குரலில் பெருமை ஏறியது. “நான் இந்த நாற்காலிக்கு வந்த நாள்லேர்ந்து, நடக்காத ஒரு குற்றத்தை நான் கையில எடுத்தேன்னு ஒருத்தர் சொல்லட்டும் பார்ப்போம். நடக்கணும். நடந்து முடியணும். நல்லா ஆறிப் போகணும். அப்பத்தான் ஆதாரம் நிக்கும்.”

“மனு எல்லாம் வேண்டாம் சார். பொன்னூற்று போலியா இல்லையா? ஒரே வார்த்தை சொல்லுங்க. நான் போயிடறேன்.”

“போலின்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? ஒருத்தர் ஏமாறணும், மனு கொடுக்கணும், விசாரணை முடியணும். அதுவரைக்கும் எங்க பதிவுல அது ‘இன்னும் போலியாகாத நிறுவனம்’.” அவள் முகத்தைப் பார்த்து அவருக்கும் மனம் இளகியது. மேசைமீது குனிந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அவசரம்னா ஒரு வழி இருக்கு. ஒரு சின்னத் தொகையை அனுப்பிட்டு வாங்க. சின்னதாப் போதும். ரசீது வந்ததும் நீங்க நம்ம ஆள் ஆயிடுவீங்க. அப்புறம் எல்லாம் தானா நடக்கும்.”

பன் அக்கா ஓரடி பின்வாங்கினாள். சின்னதாப் போதும், எல்லாம் தானா நடக்கும். மூன்று மாதத்துக்கு முன்னால் மாஸ்டரின் கைபேசியிலிருந்து இதே வார்த்தைகளை இதே கனிவோடு அவள் கேட்டிருந்தாள்.

நிகழ்காலப் பிரிவு மாடியில் கடைசி அறை. மிகவும் சுத்தமாக இருந்தது. பெரிய மேசை, முதுகில் வெள்ளைத் துண்டு போட்ட நாற்காலி, மேசைமேல் சிவப்பு நிறத் தொலைபேசி. சுவரில், ‘இந்த நொடியில் ஏமாற்றப்படுகிறீர்களா? உடனே அழையுங்கள்!’ என்று எழுதி ஒரு எண். நாற்காலியில் யாரும் இல்லை. வாசலில் பியூன் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“சார் இல்லீங்களா?”

“பதவி இருக்கும்மா. ஆள் இல்லை. கீழ இருக்காரே இறந்தகாலம், அவர்தான் இதையும் சேர்த்துப் பார்க்கறார். வியாழக்கிழமை மத்தியானம் வருவார்.”

“வியாழக்கிழமைக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுமேங்க!”

“முடிஞ்சிட்டா நல்லதாப் போச்சு. அவரைக் கீழயே பார்த்துக்கலாம். மாடி ஏற வேண்டியதில்லை.”

அவளுக்குச் சுவரில் இருந்த எண் மட்டும்தான் மிச்சம். அதைத் தன் கைபேசியில் அழுத்தினாள். மேசைமேல் இருந்த சிவப்புத் தொலைபேசி அலறியது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

“எடுங்களேன்!” என்றாள்.

“எனக்கு அதிகாரம் இல்லைம்மா.”

“நான் எடுக்கட்டுமா?”

“நீங்கதானே அடிக்கறீங்க. நீங்களே எடுத்தா எப்படி?”

தொலைபேசி ஆளில்லாத அறையில் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் காதில் ஒரு பெண் குரல், ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது’ என்று திரும்பத் திரும்பச் சொன்னது. எங்கெங்கோ எத்தனையோ வீடுகளிலிருந்து எத்தனையோ பேர் இப்படி அழைத்திருப்பார்கள், இந்த அறை இப்படியே அவர்களுக்கும் அலறியிருக்கும் என்று தோன்றியபோது அவளுக்கு அங்கே நிற்கவே பயமாக இருந்தது. பியூன் ஆறுதலாகச் சொன்னார். “கொஞ்ச நேரத்துல ஓஞ்சிடும்மா. எப்பவும் ஓஞ்சிடும்.”

எதிர்காலத்துக்கு அரங்கில் கேட்க வேண்டும் என்றும் அவரே வழி காட்டினார். அங்கே ‘விழிப்புணர்வுப் பெருவிழா’ நடந்துகொண்டிருந்தது. மேடையில் இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார். பன் அக்கா பின்வரிசையில் நின்றாள். அவர் பேசி முடித்ததும் காலைப் பிடித்தாவது கேட்டுவிடுவது என்று முடிவு செய்துகொண்டாள்.

“நண்பர்களே!” என்றார் இயக்குநர். “போன வருஷம் நமக்கு வந்த புகார்கள், அதுக்கு முந்தைய வருஷத்தைவிட ரெண்டு மடங்கு!”

பலத்த கைதட்டல்.

“இது மக்கள் நம்ம மேல வெச்சிருக்கற நம்பிக்கை. ஏமாந்து முடிச்சதும் முதல்ல நம்ம ஞாபகம்தான் அவங்களுக்கு வருது. சில பேர் கேக்கறாங்க, முன்கூட்டியே தடுக்கலாமேன்னு. தடுக்கலாம். ஆனா தடுத்துட்டோம்னா, தடுத்தோம்ங்கறதை எப்படி நிரூபிக்கறது? நடக்காத ஒண்ணை எந்த அறிக்கையில காட்டறது? இந்தக் கட்டடத்தை நம்பி முந்நூறு குடும்பம் சாப்பிடுது. மோசடி திடீர்னு நின்னுட்டா அந்த முந்நூறு குடும்பமும் தெருவுக்கு வந்துடும். பொறுப்புள்ள ஒரு அமைப்பு அதையும் யோசிக்கணும் இல்லையா?”

யோசிக்க வேண்டும் என்று எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு எல்லோரும் எழுந்து வலது கையை நீட்டி, ‘நான் ஏமாற மாட்டேன்’ என்று உறுதிமொழி எடுத்தார்கள். உறுதிமொழித் தாளில் பெயர், கைபேசி எண், வங்கிக் கணக்கு எண், அம்மாவின் பெயர் எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதித் தருகிறவர்களில் மூன்று பேருக்குக் குலுக்கலில் பரிசு உண்டு என்று அறிவித்ததும், விழிப்புணர்வு பெற்ற மக்கள் பேனா கேட்டு அலைமோதினார்கள்.

பன் அக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு மேடைக்கு ஏறிவிட்டாள். “சார், ஒரு வார்த்தை சார்! என் வீட்டுக்காரர் இன்னும் ஏமாறலை சார்!”

இயக்குநரின் முகம் மலர்ந்தது. ஒலிபெருக்கியை விட்டு நகராமலே அவள் தோளைப் பிடித்துக் கூட்டத்தைப் பார்த்துத் திருப்பினார். “கேட்டீங்களா? இன்னும் ஏமாறலையாம்! நம்ம பணியோட பலன் இதோ உயிரோட நிக்குது!”

யாரோ அவள் கையில் ஒரு துணிப்பையைத் திணித்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கும் பை. அவள் குனிந்து பார்த்தாள். பையின்மேல் பொன்நிறத்தில் ஒரு நீரூற்று. கீழே, ‘விழாவுக்கு ஆதரவு: பொன்னூற்று வளர்ச்சிக் குழுமம்’.

“சார்! இவங்கதான் சார்! இவங்கதான்!” என்று அலறினாள்.

“ஆமாம், இவங்கதான்!” என்று ஒலிபெருக்கியில் முழங்கினார் இயக்குநர். “இவங்க மட்டும் இல்லேன்னா இந்த விழாவே இல்லை. சாப்பாடு, பந்தல், பை எல்லாம் இவங்கதான். அம்மாவுக்கு நன்றியில பேச்சே வரலை, பாருங்க.”

கேமரா மின்னியது. கைதட்டலில் அவள் குரல் யாருக்கும் கேட்கவில்லை. இரண்டு தொண்டர்கள் அவளை மரியாதையாக மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

மாடிப்படிக்கு வருவதற்குள் கைபேசி அடித்தது. மாஸ்டர்.

“என்னங்க, நான் சொல்றதைக் கேளுங்க...”

“ஏம்மா, எதுக்கு என்கிட்ட மறைச்சே?” அவர் குரலில் கோபம் இல்லை. சந்தோஷம் இருந்தது. “போட்டோ வந்துடுச்சு. நீ, டைரக்டர், கையில நம்ம பை. ‘உங்க துணைவியாரும் நம்ம குடும்பத்துல சேர்ந்துட்டாங்க, வாழ்த்துகள்’னு பொன்னூற்று சார் அனுப்பியிருக்கார். நான்தான் உன்னைத் தப்பா நெனச்சுட்டேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு தெரியுமா?”

“ஐயோ, இல்லைங்க! அந்தப் பையை யாரோ கையில...”

“பொறு பொறு, சார் லைன்ல வர்றார். நாலு மணி வரைக்கும் காத்திருக்க வேண்டாம்ங்கறார்.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. திரும்ப அழைத்தாள், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். பிறகு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போலி என்ற ஒரு வார்த்தையை வாங்க வந்து, உண்மை என்பதற்குத் தன் முகத்தையே சாட்சியாகக் கொடுத்துவிட்டிருந்தாள். “கடவுளே, யாரையாவது அனுப்பு. யாரா இருந்தாலும் பரவாயில்லை” என்று வாய்விட்டு வேண்டினாள்.

“அம்மா, அந்தப் பையை மடியில வெச்சுக்காதீங்க. கீழ போடுங்க.”

மேல்படியில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் சிவப்பு டோக்கன். ஓய்வுபெற்ற டிராயிங் வாத்தியார் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார்.

“நீங்களும் பொன்னூற்றா?” என்று கேட்டார்.

“என் வீட்டுக்காரர். இன்னும் போடலை. இப்போ போடப் போறார். யாருமே போலின்னு சொல்ல மாட்டேங்கறாங்க சார்!”

“நான் போட்டுட்டேன்” என்றார் டிராயிங் சார். “ஓய்வு பெறும்போது வந்தது மொத்தமும். நான் சுத்தமான இறந்தகாலம்மா. அப்படியும் எட்டு மாசமா நடக்கறேன். ‘விருப்பப்பட்டுத்தானே அனுப்பினீங்க, அப்போ அது மோசடி ஆகுமா?’ன்னு கேக்கறாங்க. விருப்பப்படாம எவன்மா ஏமாறுவான்?”

பன் அக்கா எழுந்து நின்றாள். “சார், எங்க கடை பக்கத்துலதான் இருக்கு. நீங்க வந்து இதை அவர்கிட்ட சொல்வீங்களா? ஆபீஸ் சொன்னா நிறுத்தறேன்னார். ஆபீஸ் சொல்ல மாட்டேங்குது. நீங்களாவது சொல்லுங்க சார்.”

அவர் தயங்கினார். எட்டு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அவர் முறை வந்திருந்தது. அடுத்து அவர் எண்தான். எழுந்து போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவர் டோக்கனைப் பார்த்தார், அவளுடைய மாவு படிந்த கையைப் பார்த்தார். பிறகு படி இறங்கினார்.

“சார்! சிவப்பு டோக்கன் சார்!” என்று வாசலில் காவலாளி பதறினார். “திரும்ப வந்தா மஞ்சள்தான் கிடைக்கும்!”

“மரப்பெஞ்சு முதுகுக்கு நல்லதுப்பா” என்று சொல்லி, டோக்கனை அவர் கையிலேயே வைத்துவிட்டு, வாசலில் நின்ற டாக்சியில் அவளோடு ஏறினார்.

பெரிய உதவிகளுக்கெல்லாம் இந்த உலகத்தில் கட்டடங்கள் இருக்கின்றன. சின்ன உதவி கேட்டால் எழுந்து வருவதற்கு ஒரு மனிதர் கிடைத்தால் போதும்.

கடைக்குள் நுழையும்போதே தீய்ந்த வாடை அடித்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மாஸ்டர் ஒரு தட்டு பன்னைக் கருக விட்டதில்லை. பன் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு மாவு அறைக் கதவைத் தட்டினாள். மாஸ்டர் சிரித்த முகத்தோடு திறந்தார். மாவு பிசையும் மேசைமேல், சர்க்கரை டின்னில் சாய்த்து வைத்த கைபேசியிலிருந்து ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. படம் இல்லை, குரல் மட்டும். திரையில் ஒரே ஒரு பச்சைப் பொத்தான்.

“வா வா, நல்ல நேரத்துக்கு வந்தே. இவர் யாரு?”

டிராயிங் சார் உதட்டில் விரலை வைத்தார். மாஸ்டருக்கு எதிரே மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்தார். மேசையில் மாவு மெலிதாகப் படிந்திருந்தது. அதில் ஆள்காட்டி விரலால், மாஸ்டருக்கு நேராகத் தெரியும்படி தலைகீழாக, அழகான எழுத்தில் ஒரு சொல் எழுதினார்.

*குடும்பம்.*

மாஸ்டர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். கைபேசிக் குரல் கனிந்தது. “சார், நாங்க உங்களை வாடிக்கையாளரா பார்க்கறதே இல்லை. குடும்பமாத்தான் பார்க்கறோம்.”

டிராயிங் சார் உள்ளங்கையால் மாவைத் தடவிவிட்டு மறுபடி எழுதினார். *ஒரே ஒரு இடம்.*

“உங்களுக்காக ஒரே ஒரு இடம் எடுத்து வெச்சிருக்கேன் சார். மேலிடத்துல சண்டை போட்டு.”

மாஸ்டரின் சிரிப்பு நின்றது. பொத்தானை நோக்கிப் போன விரல் பாதியில் தயங்கியது.

*மனைவி.*

“சார், அமைதியா இருக்கீங்களே. வீட்ல யாராவது தடுக்கறாங்களா? நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. நம்ம வளர்ச்சியை முதல்ல தாங்க முடியாதவங்க கூட இருக்கறவங்கதான்.”

*திட்டு.*

“கோழைகளுக்கு நேரம் ஒதுக்கினது என் தப்பு சார்! வாழ்நாள் பூரா மாவு பிசைஞ்சுட்டே கிடங்க!”

மாஸ்டரின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. தன் வாழ்க்கையில் நடப்பதை முன்கூட்டியே யாரோ ஒருவர் மாவில் எழுதுகிறார், அது அப்படியே நடக்கிறது. அவர் வாய் திறக்கப் போனார். டிராயிங் சார் தலையை அசைத்துத் தடுத்துவிட்டுக் கடைசியாக எழுதினார்.

*இனி பேச மாட்டார்கள். இதில்தான் நான் அழுத்தினேன்.*

குரல் நின்றது.

இணைப்பு துண்டிக்கப்படவில்லை. திரையில் பச்சைப் பொத்தான் மட்டும் மெல்ல அணைந்து அணைந்து எரிந்தது. அந்தச் சின்ன அறையில் மூன்று பேர் மூச்சு விடும் ஓசை கேட்டது. அந்த மௌனம் திட்டைவிடக் கொடுமையாக இருந்தது. கதவு மூடிக்கொண்டே வருகிறது, எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள், நீ மட்டும் வெளியே நிற்கிறாய் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. எல்லாம் தெரிந்த பிறகும் மாஸ்டரின் விரல் தானாகவே முன்னால் நகர்ந்தது. பன் அக்கா அந்தக் கையைப் பிடித்தாள். இழுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டாள். அவர் கை சுரம் வந்தது போலச் சுட்டது.

“சார்...?” என்றது கைபேசி. இது வேறு குரல் போலச் சன்னமாக இருந்தது. “சார், லைன்ல இருக்கீங்களா? தயவுசெஞ்சு போடுங்க சார். இன்னிக்கும் ஆள் பிடிக்கலைன்னா இவங்க என்னை...”

பின்னால் ஏதோ உருளும் சத்தம். இணைப்பு அறுந்தது.

மாஸ்டர் மேசையைப் பார்த்தார். “சார், இதை எழுதலையே நீங்க?”

டிராயிங் சாரின் முகம் வெளுத்திருந்தது. “எனக்குத் தெரியாதுப்பா. நான் இவ்வளவு தூரம் வந்ததில்லை. அதுக்குள்ள அழுத்திட்டேன்.” மாவில் எழுதியிருந்ததைத் தடவி அழித்தார். “நடிப்பா இருக்கலாம். நிஜமாவும் இருக்கலாம். யார் பெத்த பிள்ளையோ.”

அப்போது சட்டென்று ஒரு மணி ஒலித்தது. மூன்று பேரும் துள்ளி எழுந்துவிட்டார்கள். பன் அக்காவின் கைபேசிக்கு ஏமாற்றுத் தடுப்பு நிலையத்திலிருந்து செய்தி வந்திருந்தது. ‘மதிப்பிற்குரிய மனுதாரரே, இழப்பு ஏதும் இல்லாததால் தங்கள் கோரிக்கை வெற்றிகரமாக முடித்துவைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’

யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார். பன் அக்கா அடுப்பைத் திறந்தாள். தீய்ந்த பன் தட்டைக் கொண்டுவந்து குப்பையில் கொட்டப் போனாள். டிராயிங் சார் அதிலிருந்து ஒன்றை எடுத்து, கருகிய மேல்தோலைச் சுரண்டிவிட்டுக் கடித்தார். “உள்ள நல்லாத்தான் இருக்கு” என்றார். மாஸ்டர் விரல்களை விலக்கி அவரைப் பார்த்தார்.

தண்ணீர் குடித்துவிட்டு டிராயிங் சார் எழுந்தார். கதவுவரை போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.

“என்ன சார்?”

“வீட்டுக்குப் போகணும். என் சம்சாரத்துக்கு இது எதுவும் தெரியாது. பணம் பேங்க்ல பத்திரமா இருக்குன்னு நெனச்சிட்டிருக்கா. லைப்ரரிக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் அந்த ஆபீசுக்கே போறேன்.” அவர் சிரிக்க முயன்றார். “உங்ககிட்ட சொல்லிட்டேன். வேத்து மனுஷங்க, சுலபமா இருந்துச்சு. இதுக்கு மேல அவகிட்ட மறைக்க முடியாதுன்னு தோணுது. ஆனா கால் வர மாட்டேங்குது.”

மாஸ்டர் எழுந்தார். மாவுத் துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினார். “நான் வர்றேன் சார்.”

மூன்று பேரும் நடந்தே போனார்கள். டிராயிங் சாரின் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. ஒவ்வொரு படிக்கட்டுத் திருப்பத்திலும் அவர் நின்று மூச்சு வாங்கினார். மாவு மேசையில் உட்கார்ந்து அந்தக் கும்பலின் அடுத்த சொல்லை ஒவ்வொன்றாக எழுதிக் காட்டியவருக்கு, சொந்த வீட்டு அழைப்பு மணியை அழுத்தக் கை வரவில்லை. மாஸ்டர்தான் அழுத்தினார்.

கதவைத் திறந்த அம்மாள் அறிமுகமில்லாத இருவரையும், அவர்களுக்கு நடுவில் குற்றவாளி போல நின்ற கணவரையும் பார்த்துப் பயந்துபோனார். “என்னாச்சு? உடம்புக்கு ஏதாவது...?”

டிராயிங் சார் மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார்.

மாஸ்டர் ஓரடி முன்னால் வந்தார்.

“அம்மா, நான் பேக்கரி வெச்சிருக்கேன். இன்னிக்கு மத்தியானம் என் கடையையும் வீட்டையும் தூக்கி ஒரு திருட்டுக் கும்பல் கையில கொடுக்கப் பார்த்தேன். இதோ, இவ அழுதா, கேக்கலை. மச்சான் சொன்னான், கேக்கலை. எல்லாரையும்விட எனக்குத்தான் தெரியும்னு நெனச்சேன். அவ்வளவு பெரிய முட்டாள் நான். சார்தான் தன் வேலையை விட்டுட்டு ஓடிவந்து எங்களைக் காப்பாத்தினார்.”

அந்த அம்மாள் கணவரை வியப்போடு பார்த்தார். “இவரா? உங்களுக்கு இதெல்லாம் எப்படிங்க தெரியும்?”

கேள்வி வந்துவிட்டது. மாஸ்டர் ஒதுங்கி அவருக்கு இடம் விட்டார். டிராயிங் சார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னார். பொன்னூற்றைச் சொன்னார். அந்த மௌனத்தைச் சொன்னார். மொத்தமும் போனதைச் சொன்னார். எட்டு மாதமாக நூலகத்துக்குப் போகவில்லை என்பதையும் சொன்னார். இடையில் ஒருமுறைகூட அந்த அம்மாள் குறுக்கிடவில்லை. கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. ஒரு கட்டத்தில் கதவில் சாய்ந்துகொண்டார். அடுத்து வரப்போகும் வார்த்தையை யாரும் எழுதிக் காட்டியிருக்கவில்லை.

அவர் சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் கேட்டார்.

“இத்தனை மாசமும் அங்க தனியாவா உக்காந்திருந்தீங்க?”

டிராயிங் சார் தலையாட்டினார். அந்த அம்மாள் கையை நீட்டி, அவர் சட்டைக் கையில் அப்பியிருந்த மாவை மெதுவாகத் தட்டிவிட்டார். பிறகு கதவை அகலமாகத் திறந்து, மூவரையும் உள்ளே வரச் சொன்னார்.